அப்பா அம்மாவுக்கு கிரீன் கார்டு: கடலூர், புதுச்சேரிக் குடும்பங்களுக்கு முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவில் குடியுரிமை வாங்கிய பிள்ளை பெற்றோரை நிரந்தரமாக அழைத்துக்கொள்ள நினைத்ததும், வீட்டில் எல்லோரும் கேட்கும் கேள்வி ‘எத்தனை மாதம் ஆகும்?’ என்பதுதான். அந்த நாட்டு அலுவலக வரிசை நம் கையில் இல்லை. ஆனால் கோப்பு நடுவில் நின்றுபோவதற்குப் பல காரணங்கள் நம் ஊரில்தான் இருக்கின்றன. பிறப்புச் சான்றில் பிள்ளையின் பெயர் இருக்காது. கல்யாணம் பதிவாகியிருக்காது. அம்மாவின் பெயர் நான்கு காகிதத்தில் நான்கு விதமாக இருக்கும். அங்கே விண்ணப்பம் போடுவதற்கு முன்பே இங்கே காகிதத்தைச் சரிசெய்துவிட்டால், மிச்சம் இருப்பது வரிசையில் நிற்கும் நேரம் மட்டும்தான். இந்த வழிகாட்டியில் பாதிக்கு மேல் காகிதக் கதையாக இருப்பதும், ஊரில் அலையப்போகும் தம்பிக்கும் மருமகனுக்கும் சேர்த்தே இதை எழுதுவதும் அதனால்தான்.

யார் அழைக்கலாம், யாரை அழைக்கலாம்

அழைப்பவர் அமெரிக்கக் குடிமகனாக இருக்க வேண்டும், 21 வயது நிறைந்திருக்க வேண்டும். கிரீன் கார்டு மட்டும் வைத்திருப்பவர் கணவன் அல்லது மனைவியையும் மணமாகாத பிள்ளைகளையும் அழைக்கலாம், பெற்றோரை அழைக்க முடியாது. அவர் முதலில் குடியுரிமை வாங்க வேண்டும். அதற்குப் பொதுவாக கிரீன் கார்டு கிடைத்து 5 ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும். அமெரிக்கக் குடிமகனை மணந்து சேர்ந்து வாழ்பவருக்கு 3 ஆண்டுகள்.

குடிமகனின் பெற்றோர் ‘உடனடி உறவினர்’ என்ற பிரிவில் வருவார்கள். இந்தப் பிரிவுக்கு ஆண்டு உச்சவரம்பு கிடையாது. அண்ணன் தம்பிக்குப் போட்ட மனு பத்துப் பதினைந்து ஆண்டுகளைத் தாண்டிக் கிடக்கிறதே என்று பயப்பட வேண்டாம், அது வேறு வரிசை. வரிசை எதுவரை நகர்ந்தது என்று அமெரிக்க அரசு மாதாமாதம் வெளியிடும் விசா புல்லட்டினைப் பார்த்துக் கவலைப்படுவதும் வீண், பெற்றோருக்கு அது பொருந்தாது.

அப்பாவுக்கு ஒரு மனு, அம்மாவுக்கு ஒரு மனு என்று தனித்தனியாகத்தான் போட வேண்டும். இவர்களோடு ஒட்டிக்கொண்டு கல்யாணம் ஆகாத தங்கை வர முடியாது. பெற்றோர் கிரீன் கார்டு வாங்கிய பிறகு அவர்கள் தங்கைக்காக மனு போடலாம். அதற்கு வரிசை நீளம். நடுவில் தங்கைக்குக் கல்யாணம் ஆகிவிட்டால் அந்த மனு செத்துவிடும். வரன் பார்க்கும் வீட்டில் இதை முதலிலேயே பேசிவிடுவது நல்லது.

மாற்றாந்தாய், மாற்றாந்தந்தையையும் அழைக்கலாம், அவர்களின் திருமணம் பிள்ளைக்கு 18 வயது ஆகும் முன் நடந்திருந்தால். தத்து என்றால் பொதுவாக 16 வயதுக்கு முன் தத்தெடுத்திருக்க வேண்டும்.

இதற்கெல்லாம் முன்னால், பெற்றோரிடம் கேளுங்கள். கிரீன் கார்டு என்பது அங்கேயே குடியிருப்பதற்கான அனுமதி. ஆறு மாதம் மஞ்சக்குப்பம் வீட்டில், ஆறு மாதம் டெக்சாஸில் என்று வாழ நினைப்பவர்களுக்கு அது சரிப்படாது. பேரப்பிள்ளையைப் பார்த்துவிட்டு வருவதுதான் ஆசை என்றால் பத்தாண்டு சுற்றுலா விசாவே போதும். குடியேற்ற மனு போட்டுவிட்டு அப்புறம் சுற்றுலா விசா கேட்டால், ‘உங்களுக்காக யாராவது குடியேற்ற மனு போட்டிருக்கிறார்களா?’ என்ற கேள்வி படிவத்திலேயே இருக்கும். உண்மையைத்தான் சொல்ல வேண்டும். சொன்னால் மறுப்பு வரும் வாய்ப்பு அதிகம். மனு என்பது எளிதில் திரும்ப முடியாத முடிவு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: ஊர்க் காகிதங்கள்

அம்மாவுக்கான மனுவில் உறவை நிரூபிக்க, அம்மாவின் பெயர் உள்ள உங்கள் பிறப்புச் சான்று போதும். அப்பாவுக்கு, அப்பா பெயருள்ள உங்கள் பிறப்புச் சான்றோடு, அவர்கள் இருவரின் திருமணச் சான்றும் வேண்டும். யாருக்காவது முன்பு வேறு திருமணம் இருந்தால் விவாகரத்துத் தீர்ப்போ இறப்புச் சான்றோ சேரும். திருமணச் சான்று இழுத்தடிக்கும் வீட்டில், அம்மாவின் மனுவை முதலில் போட்டுவிட்டு அப்பாவுடையதைப் பின்னால் போடுவது நியாயமான வழி. ஆனால் இருவரும் ஒன்றாகத்தான் விமானம் ஏறுவோம் என்று அவர்கள் பிடிவாதம் பிடித்தால் இதனால் பெரிய லாபம் இல்லை.

பிறப்புச் சான்று. எழுபது, எண்பதுகளில் பிறந்த பலரின் சான்றில் குழந்தையின் பெயர்க் கட்டம் காலியாக இருக்கும். ‘ஆண் குழந்தை’ என்பதோடு நின்றிருக்கும். பதிவு நடந்த நகராட்சி அல்லது பஞ்சாயத்து அலுவலகத்தில் பெயர் சேர்க்க விண்ணப்பிக்க வேண்டும். பெயர் சேர்க்க 15 ஆண்டு வரம்பு உண்டு. அரசு அவ்வப்போது காலநீட்டிப்பு தருகிறது, அந்தச் சமயத்தில் முடித்துவிடுங்கள். பிறப்பே பதிவாகவில்லை என்றால் ‘பதிவு இல்லை’ என்ற சான்றை முதலில் வாங்கி, அப்புறம் தாமதப் பதிவுக்குப் போக வேண்டும். ஓராண்டுக்கு மேல் தாமதமான பதிவுக்கு முன்பு மாஜிஸ்திரேட் உத்தரவு தேவைப்பட்டது. 2023இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு மாவட்ட மாஜிஸ்திரேட், கோட்டாட்சியர் நிலையிலேயே உத்தரவு தருகிறார்கள்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். சென்ற மாதம் பதிவான பிறப்புச் சான்றை, நாற்பது வயதுக்காரர் மனுவோடு வைத்தால் அதிகாரி நம்பத் தயங்குவார். தாமதப் பதிவுச் சான்றோடு பள்ளி டிசி, பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், பழைய குடும்ப அட்டை, ஞானஸ்நானச் சான்று என்று அந்தக் காலத்தில் எழுதப்பட்ட எதையாவது சேர்த்து வையுங்கள். பிறந்த காலத்துக்கு எவ்வளவு அருகில் எழுதப்பட்ட காகிதமோ அவ்வளவு மதிப்பு.

பெற்றோரின் சொந்தப் பிறப்புச் சான்றும் விசா கட்டத்தில் கேட்கப்படும். பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969இல் வந்தது. 1970 ஏப்ரலுக்கு முன் பிறந்த இந்தியர்களுக்குச் சான்று இல்லாமல் இருப்பது சாதாரணம் என்பது அமெரிக்கத் தரப்புக்கும் தெரியும். அவர்களுக்கு, ‘பதிவு இல்லை’ சான்றோடு பள்ளிச் சான்றும், பிறப்பை நேரில் அறிந்த மூத்த உறவினர் தரும் அபிடவிட்டும் மாற்றாக ஏற்கப்படும். அபிடவிட் எழுதுபவர் யார், என்ன உறவு, அந்தப் பிறப்பு அவருக்கு எப்படித் தெரியும் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். நோட்டரி அலுவலகத்தில் அச்சடித்து வைத்திருக்கும் பொது வாசகத்தை வாங்கிக் கையெழுத்துப் போட்டால் எடுபடாது. நெய்வேலியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்களுக்குப் பணிப்பதிவேட்டின் நகல் நல்ல துணைச்சான்று.

புதுச்சேரிக்காரர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. பிரெஞ்சு நிர்வாகம் 1954 நவம்பர் 1 வரை நடந்தது, சட்டப்படியான கைமாற்றம் 1962 ஆகஸ்ட் 16இல்தான். பிரெஞ்சுக்காரர்கள் குடிமைப் பதிவேட்டை ஒழுங்காக வைத்திருந்தவர்கள். அந்தக் காலத்தில் பிறந்தவர்களின் பதிவு பிரெஞ்சில் இருக்க வாய்ப்புண்டு. நகராட்சி அல்லது கொம்யூன் அலுவலகத்தில் தேடிப் பாருங்கள். கிடைத்தால் ஆங்கில மொழிபெயர்ப்போடு வைக்க வேண்டும்.

திருமணச் சான்று. தமிழ்நாட்டில் திருமணப் பதிவைக் கட்டாயமாக்கிய சட்டம் 2009இல் வந்தது. அதற்கு முன் திருவந்திபுரம் மலையிலோ திருப்பாதிரிப்புலியூர் மண்டபத்திலோ தாலி கட்டியவர்களில் பெரும்பாலானோர் சார்பதிவாளர் அலுவலகப் பக்கமே போயிருக்க மாட்டார்கள். இந்து திருமணச் சட்டத்தின் கீழ் பழைய திருமணத்தையும் இப்போது பதியலாம். பத்திரிகை, கோயில் ரசீது, கல்யாண போட்டோ, இருவரின் முகவரி மற்றும் வயதுச் சான்று, சாட்சிகள் வேண்டும். நாற்பது ஆண்டுக்கு முந்திய பத்திரிகை எங்கே என்று தேடினால், பெரும்பாலும் அத்தை வீட்டுப் பரணில் கிடைக்கும். கிறிஸ்தவர்களுக்குச் சர்ச் பதிவேட்டு நகலும், முஸ்லிம்களுக்கு நிக்காஹ் சான்றும் இருப்பதால் இந்தச் சிரமம் குறைவு. சான்றில் பதிவுத் தேதி இன்றையதாக இருக்கும் என்பதால், பழைய போட்டோவையும் பத்திரிகையையும் மனுவோடு சேர்த்தே அனுப்புங்கள்.

பெயர்கள். நம் பக்கத்துக் கோப்புகள் அதிகம் சிக்குவது இங்கேதான். பள்ளிச் சான்றில் ‘கே. தமிழ்ச்செல்வி’, உங்கள் பிறப்புச் சான்றில் ‘செல்வி’, ஆதாரில் ‘தமிழ்செல்வி குமார்’, பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர்க் கட்டம் காலி. நமக்கு எல்லாம் ஒரே அம்மாதான். அங்கே இருக்கும் அதிகாரிக்கு நான்கு பெண்கள். எழுத்து வேறுபாடு சிறிது என்றால், எல்லா வடிவங்களையும் பட்டியலிட்டு ‘இவை யாவும் ஒரே நபரைக் குறிக்கும்’ என்று நோட்டரி முன் உறுதிமொழி எடுத்தால் போதும். மனுப் படிவத்தில் ‘வேறு பெயர்கள்’ என்ற இடத்தில் ஒன்றுவிடாமல் எழுதிவிடுங்கள். பெயரே வேறு என்றால் அரசிதழில் பெயர்மாற்றம் செய்வதுதான் உறுதியான வழி.

பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் காலியாக இருந்தால், அமெரிக்க விசாவில் இருக்கிற ஒரே பெயர் குடும்பப்பெயராகப் போய், முதற்பெயர் இடத்தில் ‘எஃப்என்யு’ என்று அச்சாகும். முதற்பெயர் தெரியவில்லை என்று பொருள். அப்புறம் கிரீன் கார்டு, வங்கி, ஓட்டுநர் உரிமம் என்று ஒவ்வொன்றிலும் அந்த எழுத்துகள் துரத்தும். மனு போடும் முன் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்து இரண்டு கட்டங்களையும் நிரப்பிவிடுங்கள். பெயரும் பிறந்த தேதியும் இனி எல்லா இடத்திலும் அந்தப் பாஸ்போர்ட்டில் இருப்பதுபோலவே இருக்கட்டும். பள்ளியில் சேர்ப்பதற்காக வாத்தியார் போட்ட ஜூன் மாதப் பிறந்த தேதிதான் பாஸ்போர்ட்டில் இருக்கிறதா? சரி, அதையே எல்லாவற்றிலும் பின்பற்றுங்கள். ஜாதகத் தேதியைக் கொண்டுவந்து குழப்ப வேண்டாம்.

2011 டிசம்பர் கடைசியில் தானே புயலிலும், 2015 வெள்ளத்திலும், 2024இல் ஃபெஞ்சல் புயலோடு வந்த வெள்ளத்திலும் அலமாரியோடு காகிதத்தை இழந்த வீடுகள் இங்கே நிறைய. பள்ளிச் சான்று போனால் தலைமையாசிரியரிடம் சேர்க்கைப் பதிவேட்டின் நகல் கேட்கலாம். மதிப்பெண் பட்டியலுக்குத் தேர்வுத்துறையில் இரண்டாம்படி உண்டு. கிடைத்ததை உடனே ஸ்கேன் செய்து, மேகச் சேமிப்பில் ஒன்றும் அமெரிக்காவில் இருக்கும் பிள்ளையிடம் ஒன்றும் வைத்துவிடுங்கள்.

தமிழ்க் காகிதம் எல்லாவற்றுக்கும் ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். ‘இரண்டு மொழியும் எனக்குத் தெரியும், மொழிபெயர்ப்பு முழுமையானது, சரியானது’ என்று மொழிபெயர்த்தவர் எழுதி, பெயர், முகவரி, தேதியோடு கையெழுத்திட்டால் போதும்.

இரண்டாம் படி: ஐ-130 மனு

இதைப் பிள்ளை அமெரிக்கக் குடியேற்றத் துறையான யுஎஸ்சிஐஎஸ்ஸிடம் போடுகிறார். 2024 ஏப்ரலில் மாறிய கட்டணப்படி ஆன்லைனில் 625 டாலர், தபாலில் 675 டாலர், ஒரு மனுவுக்கு. கட்டணம் மாறக்கூடியது, போடும் அன்று அவர்கள் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். ஆன்லைனில் போடுவதே மேல்: ரசீது உடனே வரும், கூடுதல் காகிதம் கேட்டால் அங்கேயே ஏற்றலாம்.

குடியுரிமைக்கு ஆதாரமாக அமெரிக்கப் பாஸ்போர்ட் அல்லது குடியுரிமைச் சான்றின் நகல், மேலே சொன்ன உறவுச் சான்றுகள், பெயர் மாறியிருந்தால் அதற்கான ஆவணம், இவ்வளவுதான். பாஸ்போர்ட் சைஸ் போட்டோ கணவன் மனைவி மனுவுக்குத்தான், பெற்றோருக்குத் தேவையில்லை. பெற்றோரின் பெயரையும் முகவரியையும் தாய்மொழி எழுத்தில் எழுதச் சொல்லும் ஒரு கேள்வி உண்டு. அங்கே தமிழிலேயே எழுதுங்கள்.

ஒரு பொறியைச் சொல்லியாக வேண்டும். பெற்றோர் எங்கே விசா வாங்கப் போகிறார்கள், அல்லது அமெரிக்காவுக்குள்ளேயே நிலைமாற்றம், அதாவது அங்கே இருந்தபடியே கிரீன் கார்டு, கேட்கப் போகிறார்களா என்று படிவம் கேட்கும். இந்தியாவில் இருப்பவர்களுக்கு மும்பைத் துணைத் தூதரகம் என்று எழுதுங்கள். சென்னையில் தூதரகம் இருக்கிறதே என்று தோன்றும், ஆனால் நம் பெற்றோரின் குடியேற்ற விசா நேர்காணல் மும்பையில். ‘நிலைமாற்றம்’ என்ற இடத்தில் ஏதாவது ஊரை நிரப்பிவிட்டால், ஒப்புதல் ஆன மனு அடுத்த கட்டமான தேசிய விசா மையத்துக்குப் போகாமல் யுஎஸ்சிஐஎஸ்ஸிலேயே தங்கிவிடும். அதை நகர்த்த ஐ-824 என்று இன்னொரு படிவம், இன்னொரு கட்டணம், இன்னொரு காத்திருப்பு.

பெற்றோர் சுற்றுலா விசாவில் முறையாக நுழைந்து அங்கே இருக்கும்போதே ஐ-130ஐயும், நிலைமாற்ற விண்ணப்பமான ஐ-485ஐயும் ஒன்றாகப் போடலாம் என்பது உண்மைதான். ஐ-485க்குத் தனியாக 1,440 டாலர். ஆனால் குடியேறும் எண்ணத்தை மறைத்துச் சுற்றுலாப்பயணியாக நுழைந்தால் அது பொய்த் தகவல் தந்ததாகக் கருதப்பட்டு எல்லாமே கெடும். விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது முன்அனுமதி வாங்காமல் ஊருக்குக் கிளம்பினாலும் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும். ஊரில் ஒரு சாவு என்றால்கூட ஓடிவர முடியாது. வயதானவர்களுக்கு இந்த வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன், ஒரு வழக்கறிஞர் முழுக் கதையையும் கேட்டுவிட்டுச் சொன்னால் ஒழிய.

மூன்றாம் படி: தேசிய விசா மையம்

மனு ஒப்புதலான பின் கோப்பு நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் உள்ள தேசிய விசா மையத்துக்குப் போகும். என்விசி என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். ‘பிஎம்பி’ என்று தொடங்கும் எண் ஒன்று வரும், அது மும்பையைக் குறிக்கும். விசா விண்ணப்பக் கட்டணம் ஆளுக்கு 325 டாலர், ஆதரவுப் பத்திரப் பரிசீலனைக்கு 120 டாலர். பிறகு ஒவ்வொருவருக்கும் டிஎஸ்-260 என்ற குடியேற்ற விசா விண்ணப்பப் படிவம். 16 வயதிலிருந்து எங்கெங்கே குடியிருந்தார் என்று கேட்பார்கள், வேலை விவரமும் கேட்பார்கள். அப்பாவோடு உட்கார்ந்து முதலில் ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். ‘பண்ருட்டியில் நான்கு வருஷம்… இல்லை, ஐந்து’ என்று அவர் யோசிப்பதற்குள் இணையப்பக்கம் காலாவதியாகிவிடும்.

பாஸ்போர்ட் சேவா வழியாக எடுக்கும் போலீஸ் சான்று, அதாவது பிசிசி, கட்டாயம். முன்பு ஓராண்டோ அதற்கு மேலோ வாழ்ந்த வெளிநாட்டின் சான்றும் வேண்டும். வளைகுடாவில் இருந்துவிட்டு வந்தவர்கள், சிங்கப்பூரில் வேலை பார்த்தவர்கள், பிரான்சில் மகளோடு இருந்த புதுச்சேரிக்காரர்கள் இதைச் சீக்கிரமே ஆரம்பிக்க வேண்டும். அந்தந்த நாட்டு நடைமுறைக்குத் தனியாக நாள் பிடிக்கும். ராணுவத்தில் இருந்தவர்களுக்குப் பணிவிடுப்புப் புத்தகம்.

ஆதரவுப் பத்திரம் ஐ-864. பெற்றோர் அரசுக்குச் சுமையாக மாட்டார்கள் என்று பிள்ளை கையெழுத்திடும் ஒப்பந்தம் இது. பெற்றோர் குடியுரிமை பெறும்வரை, அல்லது 40 காலாண்டு வேலைக் கணக்கு சேரும்வரை, அல்லது நாட்டைவிட்டு நிரந்தரமாகப் போகும்வரை, அல்லது இறக்கும்வரை பிள்ளையைக் கட்டும். வருமானம் வறுமைக்கோட்டு அளவில் 125 சதவீதம் இருக்க வேண்டும். அழைப்பவர், அவர் மனைவி, இரண்டு பிள்ளைகள், வரப்போகும் அப்பா அம்மா என்று ஆறு பேர் கணக்கானால் 2025ஆம் ஆண்டு அளவுப்படி 53,937 டாலர். இந்த அளவு ஆண்டுதோறும் மாறும். வருமானம் போதாவிட்டால் வேறொரு குடிமகனோ கிரீன் கார்டுக்காரரோ கூட்டு ஸ்பான்சராகலாம். சொத்தையும் காட்டலாம், ஆனால் பெற்றோர் விஷயத்தில் பற்றாக்குறையைப்போல் ஐந்து மடங்கு சொத்து வேண்டும். ஊரில் இருக்கும் வீட்டை மதிப்பிட்டுக் காட்டும் யோசனை அடிக்கடி வரும். ஓராண்டுக்குள் பணமாக்கி அங்கே கொண்டுபோக முடியும் என்று நிரூபிக்க வேண்டியிருப்பதால், அதைவிடக் கூட்டு ஸ்பான்சர் எளிது. வேலையை விட்டு ஆரோவில்லில் வந்து தங்கிவிட்ட அமெரிக்கக் குடிமகன்கள், அமெரிக்காவில் மறுபடி குடியமரப் போவதற்கான ஆதாரத்தையும் சேர்த்து வைக்க வேண்டும்.

எல்லாம் ஏற்கப்பட்டதும் ‘ஆவணத் தகுதி’ பெற்றதாகச் செய்தி வரும். அங்கிருந்து நேர்காணல் தேதிக்கான வரிசை தொடங்கும். அந்தச் செய்தியைப் பத்திரமாக வைத்திருங்கள்.

நான்காம் படி: மருத்துவப் பரிசோதனை, மும்பை

நேர்காணல் தேதி வந்த பிறகுதான் மருத்துவப் பரிசோதனை, தூதரகம் அங்கீகரித்த மருத்துவரிடம் மட்டும். சென்னையிலும் அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். மார்பு எக்ஸ்ரேயில் பழைய காசநோய்த் தழும்பு தெரிந்தால் சளிப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள், கல்ச்சர் முடிவு வர எட்டு வாரம் வரை ஆகலாம். அப்பாவுக்கு முன்பு டிபி வந்திருந்தால் அந்தச் சிகிச்சைக் காகிதங்களை எடுத்துவையுங்கள். அதனால் சந்தேகம் குறையும். பரிசோதனையின் ஆயுள் பெரும்பாலும் ஆறு மாதம், விசாவின் ஆயுளும் அதையே ஒட்டி இருக்கும்.

நேர்காணலுக்கு முன் விரல்ரேகை மையத்துக்கும் போக வேண்டும். ஆகவே மும்பையில் இரண்டு மூன்று நாள் தங்கத் திட்டமிடுங்கள். புதுச்சேரியிலிருந்து தாதருக்கு நேரடி ரயில் உண்டு, சாளுக்கியா எக்ஸ்பிரஸ். ஆனால் அது எல்லா நாளும் ஓடாது, பயணம் ஒரு நாளைத் தாண்டும். மூட்டுவலி உள்ளவர்களுக்குச் சென்னையிலிருந்து விமானம்தான் நல்லது. அசல் காகிதங்கள் எப்போதும் கைப்பையில்.

கேள்விகள் எளிமையானவை: மகன் எங்கே இருக்கிறான், என்ன வேலை, பேரப்பிள்ளைகள் எத்தனை பேர், எப்போது கடைசியாகப் பார்த்தீர்கள். ஆங்கிலம் தடுமாறினால் தமிழில் கேட்கச் சொல்லித் தயங்காமல் சொல்லலாம். முன்பு அமெரிக்காவில் அனுமதிக் காலத்தைத் தாண்டித் தங்கியிருந்தால் மறைக்க வேண்டாம். 180 நாளுக்கு மேல் என்றால் மூன்று ஆண்டு, ஓராண்டு என்றால் பத்து ஆண்டு தடை வரலாம். இப்படிப்பட்டவர்கள் மனு போடும் முன்பே வழக்கறிஞரைப் பார்க்க வேண்டும்.

தாமதமானால் என்ன செய்வது

முதலில் கோப்பு எந்த மேசையில் நிற்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். யுஎஸ்சிஐஎஸ், என்விசி, மும்பை, மூன்றும் வேறு வேறு. என்விசிக்குப் போன கோப்பைப் பற்றி யுஎஸ்சிஐஎஸ்ஸிடம் கேட்டுப் பயன் இல்லை.

யுஎஸ்சிஐஎஸ்ஸில் நின்றால், அவர்கள் தளத்தில் உங்கள் படிவத்துக்கான பரிசீலனைக் காலம் இருக்கும். உங்கள் ரசீதுத் தேதி அதைத் தாண்டியிருந்தால்தான் ‘வழக்கமான காலத்துக்கு வெளியே’ என்ற விசாரணைக் கோரிக்கை ஏற்கும். அதற்கு முன் வாரம்தோறும் போன் செய்வது பொழுதுபோக்கு, அவ்வளவுதான். கூடுதல் ஆதாரம் கேட்டு நோட்டீஸ் வந்தால் பதற வேண்டாம். பெரும்பாலும் 12 வாரம் வரை அவகாசம் தருவார்கள், ஆனால் நீட்டிப்பு கிடையாது. பதிலும் ஒரே தடவைதான். பாதியை இப்போது, மீதியை அப்புறம் என்று அனுப்ப முடியாது. கோட்டாட்சியர் உத்தரவு அதற்குள் வராது என்று தோன்றினால், விண்ணப்பித்த ரசீதையும் கையில் இருக்கும் மற்ற சான்றுகளையும் வைத்து முழுப் பதில் அனுப்புங்கள். வேறு எதுவுமே இல்லாத நிலையில், அங்கீகரிக்கப்பட்ட ஆய்வகத்தின் மரபணுச் சோதனையும் ஒரு வழி.

அவசரமாகப் பரிசீலிக்கக் கோரலாம். வயதாகிவிட்டது, தனியாக இருக்கிறார் என்பது மட்டும் போதாது. கடுமையான நோய், பார்த்துக்கொள்ள வேறு யாரும் இல்லாத நிலை, பெரிய பண இழப்பு போன்றவற்றை ஆதாரத்தோடு காட்ட வேண்டும். மருத்துவர் கடிதத்தில் என்ன நோய், எந்த நிலை, ஏன் குடும்பத்தார் அருகில் இருக்க வேண்டும் என்பது தெளிவாக இருக்கட்டும். ‘நோயாளிக்கு ஓய்வு தேவை’ என்ற இரண்டு வரிக் கடிதத்துக்கு மதிப்பு இல்லை. கோப்பு என்விசியில் இருந்தால், அவசரக் கோரிக்கையை அவர்கள் மும்பைக்கு அனுப்புவார்கள். முடிவு மும்பையுடையது.

பிள்ளை வசிக்கும் தொகுதியின் காங்கிரஸ் உறுப்பினர் அலுவலகத்தில் இதற்கென்றே ஆள் உண்டு. அனுமதிப் படிவத்தில் கையெழுத்திட்டுக் கொடுத்தால் அவர்கள் விசாரிப்பார்கள். வரிசையைத் தாண்டவைக்க முடியாது. ஆனால் பதிலே வராத கோப்புக்குப் பதில் வரும், எங்கோ தவறுதலாக ஒதுங்கிய கோப்பு கிளம்பும். காசு இல்லாத வழி என்பதால் வழக்குக்கு முன் இதை முயலுங்கள்.

எதுவும் நடக்காவிட்டால் அமெரிக்க மாவட்ட நீதிமன்றத்தில் ‘மாண்டமஸ்’ வழக்கு. முடிவெடு என்று அரசுக்கு உத்தரவிடச் சொல்லும் வழக்கு, சாதகமாக முடிவெடு என்று சொல்ல அல்ல. நீதிமன்றக் கட்டணம் 405 டாலர், வழக்கறிஞர் செலவு தனி. காலம் வரம்பைப் பெரிதும் தாண்டியிருந்தால், கோப்பில் ஓட்டை இல்லை என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் இதில் இறங்குங்கள். பலவீனமான கோப்பைக் கட்டாயப்படுத்தித் திறக்கவைத்தால் மறுப்பும் சீக்கிரம் வரும்.

நேர்காணலில் 221(ஜி) என்ற தாள் கொடுத்தால், ஏதோ குறைகிறது அல்லது மேலும் சரிபார்க்கிறார்கள் என்று பொருள். கேட்ட காகிதத்தை ஓராண்டுக்குள் கொடுத்துவிட வேண்டும். என்விசி கட்டத்திலும் அப்படித்தான்: ஓராண்டு எந்தத் தொடர்பும் இல்லாமல் விட்டால் பதிவு ரத்தாகும் ஆபத்து உண்டு. காத்திருக்கும்போது விசா மையத்தின் இணையக் கணக்குக்குள் நுழைந்து பார்த்துக்கொண்டே இருங்கள்.

காத்திருப்பில் காகிதங்கள் காலாவதியாகும். பிசிசிக்கு இரண்டு ஆண்டு ஆயுள். புது வருமானவரிக் கணக்கு வந்தால் பழையதற்குப் பதில் அதைக் கேட்பார்கள். பிள்ளை வீடு மாறினால் முகவரியை மாற்றுங்கள். மனு போட்ட பிள்ளையே இறந்துவிட்டால் மனு ரத்தாகும். ஏற்கெனவே ஒப்புதல் ஆகியிருந்தால், மனிதாபிமான அடிப்படையில் வேறொரு குடும்ப உறுப்பினரை ஸ்பான்சராக வைத்து மீட்கக் கோரலாம்.

‘கான்சுலேட்டில் ஆள் இருக்கிறார், தேதியை முன்னால் இழுத்துத் தருகிறேன்’ என்று சொல்லும் ஏஜெண்டுகளிடம் பணத்தையும் அசல் சான்றையும் கொடுத்துவிடாதீர்கள். அமெரிக்க உரிமம் உள்ள வழக்கறிஞரோ, அந்நாட்டு நீதித்துறை அங்கீகரித்த பிரதிநிதியோதான் இதில் ஆலோசனை சொல்லத் தகுதியானவர்.

விசா கிடைத்த பின்

கிளம்பும் முன் 235 டாலர் குடியேற்றக் கட்டணத்தை ஆன்லைனில் கட்டுங்கள், கார்டு தபாலில் வரும். விசா முத்திரையே நுழைந்த நாளிலிருந்து ஓராண்டுக்குக் கிரீன் கார்டாகச் செல்லும்.

மருத்துவக் காப்பீட்டை விசாவுக்கு முன்பே யோசியுங்கள். 65 வயதைத் தாண்டி வருபவர்களுக்கு, முதியோருக்கான அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீடான மெடிகேர் கிடைக்க ஐந்து ஆண்டு தொடர்ந்து வசித்திருக்க வேண்டும். அதுவரை தனியார் காப்பீடுதான், சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ளவர்களுக்கு மாதச் செலவு சுருக்கென்றுதான் இருக்கும்.

ஓராண்டுக்கு மேல் ஊரில் தங்க வேண்டியிருந்தால், அமெரிக்காவில் இருக்கும்போதே ஐ-131 படிவத்தில் மறுநுழைவு அனுமதி கேளுங்கள். இங்கே வந்துவிட்டு விண்ணப்பிக்க முடியாது.

கிரீன் கார்டு வாங்கியதும் வரி விஷயத்தில் பெற்றோர் அமெரிக்கவாசிகள். ஊரில் வரும் வாடகை, ஓய்வூதியம், டெபாசிட் வட்டி எல்லாம் அங்கே கணக்கில் காட்ட வேண்டும். இந்திய வங்கிக் கணக்குகளின் மொத்த இருப்பு ஆண்டில் எந்த நாளிலாவது 10,000 டாலரைத் தாண்டினால் ‘எஃப்பார்’ என்ற வெளிநாட்டு வங்கிக் கணக்கு அறிக்கையும் உண்டு. இருக்கும் சேமிப்புக் கணக்குகளை, வெளிநாட்டில் வசிப்பவர்களுக்கான என்ஆர்ஓ கணக்குகளாக மாற்ற வேண்டும். அரசு ஓய்வூதியர்கள் ஆண்டுதோறும் தரும் உயிர்வாழ்ச் சான்றை அங்கிருந்து எப்படிக் கொடுப்பது என்று கருவூலத்திலும் வங்கியிலும் கிளம்புவதற்கு முன் கேட்டு, அதற்கான படிவத்தை வாங்கிக்கொள்ளுங்கள்.